முதல் பீரியட் கணக்கு

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏய், ஒன்பதாவது காலாண்டுல பூக்காட்டுப் புள்ளைங்க அத்தனை பேரும் கணக்குல ஃபெயில். அரையாண்டுல எல்லாரும் பாஸ். எப்படிடி? யாருக்காவது ஞாபகம் இருக்கா?" அதற்குக் கீழே மூன்று பதில்கள். ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள் என்று ஒருத்தி. ஹெச்.எம். சிஸ்டர் ஜெபம் பண்ணினார்கள் என்று இன்னொருத்தி. கேள்வித்தாளை ஈஸியாக எடுத்துவிட்டார்கள் என்று, இன்றைக்கும் மாறாத வாயோடு, மூன்றாமவள்.

மூன்றும் தவறு. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை என்பதால் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களை எழுதத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் பார்க்கிற வேலையில், ஒரு மெஷின் ஏன் நின்றது என்பதை நின்ற அன்றே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதில் சத்தமாகச் சொன்னவர் காரணம் நிலைத்துவிடும். பள்ளிக்கூட விஷயத்திலும் அப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது.

உங்களில் திருநகரிலிருந்து சைக்கிளில் வந்தவர்களுக்குத் தெரியாத பகுதியை முதலில் சொல்கிறேன். நாங்கள் கொஞ்சம் பேர் தெற்கே மல்லிகைக் காடுகள் இருக்கிற ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தோம். என் அம்மா ஒரு சின்னக் காட்டைக் குத்தகைக்குப் பார்த்தார். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஆக, காட்டுக்கு ஆள் என்றால் அம்மாவும் நானும்தான். பக்கத்துக் காட்டில் மாமாவும் மாமா மகளும். அவளும் நம் வகுப்பு. உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்கும், அவள் சிரித்தால் பக்கத்து செக்‌ஷனுக்கும் கேட்கும்.

மல்லிகையில் அன்று சாயங்காலம் விரியப் போகிற மொக்கை மட்டும் அன்று காலையில் எடுக்க வேண்டும். அது வெள்ளையாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். நாளைக்கு உரிய மொக்கு இளம்பச்சையாக, ஒல்லியாக, அதே கொத்தில் அதன் தோளை உரசிக்கொண்டு இருக்கும். இருட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெயில் ஏறியபின் எடுத்தால் வாடிப்போய் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை போகாது. ஆக, விடிவதற்கும் வெயிலுக்கும் இடையில் கிடைக்கிற நேரம்தான் பூவின் நேரம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான்.

இடுப்பில் பழைய சேலைத் துணியை மடியாகக் கட்டிக்கொள்வோம். அந்த மடித்துணி இப்போது எங்கள் வீட்டில் எங்கே தேடினாலும் இல்லை. ரோஜா நிறத்தில் சின்னக் கட்டம் போட்டது, ஒரு மூலையில் அம்மா வேறு நிறத்து நூலால் ஒட்டுப் போட்டிருந்தார். மடி நிறைய நிறைய வயிற்றில் குளிர்ச்சியாக இருக்கும். காம்பின் பச்சை நகக்கண்ணில் ஏறிவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. "பூக்காட்டுலேருந்து வர்ற, உன்மேல பூ வாசமே வரலையேடி?" என்று ஒருத்தி என்னைக் கேட்டிருக்கிறாள். மொக்குக்கு வாசம் கிடையாது. வாசம் சாயங்காலம், வாங்கினவர்கள் தலையில்தான் வரும். எங்களுக்கு வந்தது ஈரமண் வாசமும் பூச்சிமருந்து வாசமும்தான்.

கமிஷன் கடைக்குப் போகும் பூ வண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கைகால் கழுவி, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஓடினால் பஸ் கிடைக்கும். அது சரியான நேரத்துக்கு வரும் பஸ். ஆனால் அதற்கு முந்தைய பஸ்ஸில் வந்தால்தான் பிரேயருக்கு வர முடியும். பிரேயர் முடிந்தபின் வந்து சேர்ந்தவர்கள் முதல் பீரியட் முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பாதியில் உள்ளே வந்தால் பாடம் கெடும் என்பதற்காக வைத்த விதி. நம் வகுப்புக்கு முதல் பீரியட் கணக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை. காலையில் மூளை தெளிவாக இருக்கும், கஷ்டமான பாடத்தை அப்போது நடத்த வேண்டும் என்று ஹெச்.எம். சிஸ்டர் யோசித்து வைத்தது. சிஸ்டர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நன்றாக யோசித்துத்தான் செய்தார்கள், எங்களைத் தவிர எல்லாரையும் நினைத்து.

நம் வகுப்பறை ஜன்னல் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நேர் மேலே. அதனால் கணக்கு டீச்சர் நடத்துவது முழுவதும் காதில் விழும். கண்ணுக்குத் தெரிவது ஜன்னல் கம்பியும் அதில் சொருகியிருந்த ஒரு உடைந்த ஸ்கேலும் மட்டும். சாக்பீஸ் கீச்சிடும். டஸ்டர் தட்டும் சத்தம் வரும். நீங்கள் கோரஸாக "யெஸ் டீச்சர்" என்பீர்கள். மாமா மகள் கீழே நின்றபடி அதையே முணுமுணுப்பாள்: "நோ டீச்சர். ஒண்ணும் புரியல டீச்சர். கால் வலிக்குது டீச்சர்." நான் சிரிப்பை அடக்கக் கையைக் கடித்துக்கொள்வேன். அவ்வளவுதான் எங்கள் கணக்குப் பாடம்.

ஏன் லேட் என்று கேட்டால் எங்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: "பஸ் வரல டீச்சர்." இது எங்கள் ஊர்களில் அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பேச்சு. பூ எடுக்கப் போவதைப் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை பக்கத்து ஊர்க் காட்டுக்கு ஆபீசர்கள் ஜீப்பில் வந்து, சின்னப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். நிலத்துக்காரர் மறுநாளே குத்தகையைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஸ்லேட்டோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிற பொய் அது. பஸ் பாவம், ஒரு நாளும் தவறியதில்லை.

உங்களுக்குக் கணக்கு ஒரு நாளில் இரண்டு முறை நடந்தது. காலையில் வகுப்பில், சாயங்காலம் திருநகர் டியூஷனில். எங்களுக்கு அரை முறை, அதுவும் காதால் மட்டும். இதை நான் இப்போதுதான் இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்போது எனக்கும் மற்றவர்கள் சொன்னதுதான் தெரியும்: பூக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஹெச்.எம். சிஸ்டர் அம்மாக்களை வரச் சொன்னார்கள். என் முறை வந்தபோது என் அம்மா சேரில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மத்த பாடமெல்லாம் நல்ல மார்க்மா. கணக்குல மட்டும் ஃபெயில். அடுத்த வருஷம் பத்தாவது, பப்ளிக் எக்ஸாம். ஸ்கூல் ரிசல்ட்னு ஒண்ணு இருக்கு. அரையாண்டுலயும் இப்படியேன்னா, வருஷக் கடைசில டி.சி. வாங்கிக்கிறதைப் பத்தி நீங்க யோசிக்கணும்."

"டி.சி. வாங்கிட்டு எங்க போறது சிஸ்டர்?"

"டெய்லரிங் கோர்ஸ் இருக்கு. புள்ளைக்கு எது வருமோ அதைப் படிக்க வைக்கலாம்ல?" சிஸ்டர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதனால்தான் அடுத்து அதைச் சொன்னார்கள்: "முதல்ல புள்ளைய கொஞ்சம் சீக்கிரம் எந்திரிக்கப் பழக்குங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். கோழி கூவுமுன் எழுந்து வந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரிங்க சிஸ்டர்," என்றார் அம்மா.

பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டு அக்காவிடம், "என் மக சீக்கிரம் எந்திரிக்கணுமாம்ல! இதுக்கு மேல சீக்கிரம்னா தூங்கவே கூடாது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்தார். ஊர் நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றது. "டி.சி.ன்னா… கையில குடுத்து அனுப்பிருவாகளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா மகளுக்கும் அதே தீர்ப்பு. அவள் அன்று சிரிக்கவில்லை. "டி.சி. குடுத்தா எங்கப்பா என்னைய முழுநேரமா காட்டுல விட்ருவாரு. அடுத்து மாப்ள பாப்பாரு. அம்புட்டுதான் என் கதை," என்றாள்.

நானும் அவளும் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து என்னென்ன செய்யலாம் என்று பேசினோம். வரிசையாக ஒவ்வொன்றாகச் செய்தும் பார்த்தோம். முதலில் பூவை முன்னதாக எடுப்பது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டு நாள் எடுத்தோம். டார்ச் வெளிச்சத்தில் பச்சை மொக்கும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மூட்டையைப் பிரித்த கமிஷன் கடைக்காரர் போனில் அம்மாவைத் திட்டினார்: "நாளைக்கு உள்ள பூவையும் சேத்துப் பறிச்சுட்டீங்களே, நாளைக்கு எதைப் பறிப்பீக?" அது முடிந்தது. இரண்டாவது, வகுப்பு லீடரின் கணக்கு நோட்டை வாங்குவது. லீடர், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நோட்டைக் கேட்டதும் கொடுத்தாய், அட்டை கசங்கக் கூடாது என்று மட்டும் சொன்னாய். உன் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. ஆனால் அதில் விடை இருந்தது, ஏன் அந்த விடை என்பது இல்லை. அதை டீச்சர் வாயால் சொல்லியிருப்பார், நீ எழுதியிருக்க மாட்டாய். மூன்றாவது, டீச்சரிடமே போய்ச் சாயங்காலம் சொல்லித்தரக் கேட்டது. டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "முதல்ல காலையில கிளாஸுக்கு வந்து உக்காரு. அப்புறம் டவுட் கேளு," என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பூவை நகர்த்த முடியாது. பஸ்ஸை நகர்த்த முடியாது. பிரேயர் பள்ளிக்கூடம் முழுமைக்கும் ஒன்று, அதுவும் நகராது. மிச்சம் இருப்பது பீரியட். அது ஒரு அட்டையில் கட்டம் போட்டு எழுதினது. கட்டத்தை அழித்து எழுதலாம்.

"கணக்கை மத்தியானத்துக்கு மாத்தச் சொல்லுவோம்," என்றேன்.

மாமா மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாருடி, கலெக்டரா?"

"காலையில வேற எதையாவது வைக்கட்டும். நம்ம விட்டாலும் படிச்சுக்கிற மாதிரி ஒண்ணு."

எதை வைப்பது என்று பார்த்தபோது தமிழை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தைக் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அறிவியலுக்குப் படம் வரைய வேண்டும். சமூக அறிவியல் மட்டும்தான் முழுக்கப் புத்தகத்தில் இருந்தது. அது மத்தியானம் கடைசிக்கு முந்தின பீரியட். அதில் ஒரே ஒரு சிக்கல். நமக்கு சமூக அறிவியல் எடுத்தது ஹெச்.எம். சிஸ்டர். காலையில் அவர்களுக்கு ஆபீஸ் வேலை. அதனால்தான் தன் பாடத்தை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள்.

மாற்றச் சொல்வதென்றால் ஏன் லேட் என்பதைச் சொல்ல வேண்டும். பஸ்ஸை இனிமேல் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. வீட்டில் சொன்னேன்.

அம்மா உலையை இறக்கியவர் அப்படியே நின்றார். "வாயத் தொறக்காத. சொன்னா சிஸ்டர் யாருகிட்டயாவது சொல்லுவாக. ஜீப்பு வரும். காடு போயிரும்."

"சொல்லலேன்னா நான் போயிருவேன்ல, ஸ்கூல விட்டு."

"கணக்கு வரலேன்னா என்ன பண்றது? எனக்கும்தான் வரல."

"வரலேன்னு யாரு சொன்னா? நான் கணக்குக் கிளாஸ்ல உக்காரவே இல்லம்மா. உக்காந்து வரலேன்னா நானே டி.சி. வாங்கிட்டு வாரேன்."

அம்மா சோறு போட்டார், குழம்பு ஊற்ற மறந்துவிட்டார். நான் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கே நினைவு வந்தது. மறுநாள் பூ வண்டி கிளம்பியதும் நான் பஸ்ஸுக்கு ஓடினால், பின்னாலேயே அம்மாவும் ஓடி வந்தார். வேலைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டபடி, இடுப்பில் அவிழ்க்காத மடியோடு. "நீ சின்னப்புள்ள. நீ சொன்னா பொய்யின்னு நினைப்பாக. நானே சொல்றேன்," என்றார்.

சிஸ்டரின் அறையில் அப்போது கணக்கு டீச்சரும் இருந்தார், முதல் பீரியடை முடித்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க. அம்மா, நான், எனக்குப் பின்னால் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு மாமா மகள்.

"சிஸ்டர், பஸ்ஸு கரெக்டாத்தான் வருது," என்றார் அம்மா. "புள்ளைக எங்ககூட பூ எடுத்துட்டு வருதுக. எந்திரிக்கிறது என்னவோ நாலு மணிக்கு முன்னாடியே எந்திரிச்சு, தண்ணி எடுத்து வச்சுட்டுத்தான் காட்டுக்கு வருதுக."

சிஸ்டர் பேனாவை மூடினார்கள். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஜீப்புல வருவாகளே."

"சின்னப் புள்ளைங்களை வேலைக்கு விடுறது தப்பும்மா."

"தப்புதான் சிஸ்டர். இல்லன்னு வாதாட வரல. கூலிக்கு ஆள் வச்சா பூ வித்தது ஆளுக்கே சரியாப் போயிருது. இவ படிக்கணும்னுதான் காட்டையே பாக்குறேன். காட்டால படிப்பு போச்சுன்னா நான் எதுக்கு இம்புட்டுப் பாடுபடணும்?"

இதுதான் நேரம் என்று நான் மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னேன்: "சிஸ்டர், சமூக அறிவியல் புத்தகத்துல இருக்கு. விட்டுப்போனா படிச்சுக்குவோம். கணக்கு போர்டுல இருக்கு. ரெண்டையும் மாத்தி வச்சா எங்களுக்கு ரெண்டும் கிடைக்கும்."

"அதாவது, என் கிளாஸ் போனாப் பரவாயில்லை?"

பின்னாலிருந்து மாமா மகளுக்குப் பிடித்தது பாருங்கள் சிரிப்பு. அடக்கப் பார்த்து, மூக்கு வழியாக வந்தது. சிஸ்டர் அவளை முறைத்தார்கள். முறைத்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததையும் நான் பார்த்தேன்.

கணக்கு டீச்சர் இப்போது என்னிடம் கேட்டார்: "வெளிய நின்னா நான் நடத்துறது கேக்குமா?"

"கேக்கும் டீச்சர்."

"நேத்து என்ன நடத்துனேன்?"

நான் அப்படியே சொன்னேன், டீச்சர் இழுக்கிற இடத்தில் இழுத்து: "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்தா இது மைனஸ் ஆயிரும். இப்ப இதையும் இதையும் சேத்தா இது அடிபட்டுப் போயிரும். அப்ப மிச்சம் என்ன? இதுதான்."

"எது?"

"தெரியல டீச்சர். நீங்க கைய வச்சுக் காட்டியிருப்பீங்க. எங்களுக்குக் கை தெரியாது."

டீச்சர் கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தார். விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. பிறகு, "சிஸ்டர், எனக்கு மத்தியானப் பீரியடைக் குடுங்க," என்றார்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் புள்ளைங்க தூங்கும் டீச்சர். அதுக்குத்தான் காலையில வச்சேன்."

"தூங்குனா எழுப்பிக்கலாம் சிஸ்டர். வெளிய நிக்கிற புள்ளைய நான் எங்கேருந்து எழுப்ப?"

சிஸ்டர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அரையாண்டு வரைக்கும் மாற்றிப் பார்க்கலாம், அதிலும் ஃபெயில் என்றால் பழையபடி முதல் பீரியட், டி.சி. பேச்சும் பழையபடி என்றார்கள். அம்மாவிடம் ஒரு நிபந்தனை: பரீட்சை நாட்களில் நாங்கள் காட்டில் கால் வைக்கக் கூடாது. "நான் யாருக்கும் எழுதிப் போடலை. அதுக்காக இது சரின்னும் சொல்லலை," என்று சொல்லி எழுந்துகொண்டார்கள். அம்மா வெளியே வந்துதான் மடியை அவிழ்த்தார். அதன் மடிப்பில் நாலைந்து மொக்குகள் ஒட்டியிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் மாமா மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் ஓரளவு ஞாபகம் இருக்க வேண்டும். மத்தியானம் நம் அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறங்கிவந்து தலையில் உட்காரும். அந்த வெக்கையில் கணக்கு. உங்களுக்கு எரிச்சல். "உங்களாலதாண்டி" என்று என் காதுபடவே சொன்னீர்கள், நியாயம்தான். லீடரின் அப்பா தல்லாகுளத்தில் ஏதோ ஆபீசில் இருந்தவர், அரைநாள் லீவு போட்டு வந்து சிஸ்டரிடம் கேட்டார்: யாரோ நாலு பேர் லேட்டாக வருவதற்காக மற்ற பிள்ளைகள் ஏன் வெயிலில் கணக்குப் போட வேண்டும்? நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். லீடர், நீ வராண்டாவில் வைத்து உன் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா, அதே கணக்கைத்தான் சாயங்காலம் டியூஷன்லயும் நடத்துறாங்க. மத்தியானம் நான் தூங்கினாக்கூட ஒண்ணும் குறையாது. விடுங்கப்பா, மானம் போகுது." நீ எங்களுக்காகச் சொன்னாயா, வெட்கத்தில் சொன்னாயா என்று இன்றுவரை தெரியாது. எப்படியானாலும் அவர் போய்விட்டார்.

எங்களுக்குத்தான் தூக்கம் பெரிய எதிரி. இருட்டில் எழுந்தவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் எப்படி இருக்கும்? முதல் வாரம் மாமா மகள் பெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கினாள். டீச்சர் எழுப்பினார். மறுபடி தூங்கினாள். மூன்றாவது முறை அவளே எழுந்து, "டீச்சர், நான் நின்னுக்கிறேன்," என்று பின்சுவரோரம் போய் நின்றாள். அடுத்து நான் போனேன். பிறகு மற்றவர்களும். தினம் அந்தப் பீரியடில் நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம். "பனிஷ்மென்ட்டா?" என்று வேறு செக்‌ஷன் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். "இல்ல, பால்கனி சீட்டு," என்றாள் மாமா மகள். அங்கிருந்து போர்டு முழுவதும் தெரிந்தது. டீச்சர் கையும் தெரிந்தது.

காலையில் சிஸ்டர் முதல் பீரியடுக்கு ஆபீஸ் சாவிக்கொத்தோடு வருவார்கள். லேட்டாக வந்தால் சைக்கிள் ஸ்டாண்டு என்ற விதியை எடுக்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் வந்து நின்று, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக நடத்தினார்கள். வரைபடம் காட்ட வேண்டிய நாளில் மட்டும் வாட்ச்மேனை அனுப்பி எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மழைக்காலம் வந்த பிறகு எல்லா நாளும் கூப்பிட்டார்கள். விதியை யாரும் ரத்து செய்யவில்லை. அது தானாக மறந்துபோனது.

கணக்கு ஒன்றும் சட்டென்று வந்துவிடவில்லை. ஆறாவது, ஏழாவதில் விட்ட ஓட்டைகளெல்லாம் தெரிந்தன. பின்னக் கணக்கில் மாமா மகள் அழுதாள். நான் அழவில்லை, கோபப்பட்டேன். பஸ்ஸில் ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்வோம். பூச்செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் சமன்பாடு. "இதை அந்தப் பக்கம் கொண்டுவந்தா?" "எதை? பேரைச் சொல்லுடி!" 'இது' என்று யார் சொன்னாலும் தலையில் குட்டு. மார்கழியில் பூ குறைந்துவிடும், ஆனால் குறைந்த பூவைத் தேடிப் பொறுக்க அதே நேரம் ஆகும். அதனால் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

குழுவில் கேள்வி கேட்டவளே, நீ "எல்லாரும் பாஸ்" என்று எழுதியிருந்தாய். அது சரியில்லை. எங்களில் ஒருத்தி அரையாண்டு எழுதவே வரவில்லை. தீபாவளி முடிந்து அவள் அண்ணனுக்குக் கல்யாணம், வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பின்சுவரோரம் எனக்கு இடதுபக்கம் நின்றவள். அவள் இந்தக் குழுவில் இல்லை. எழுதிய மற்றவர்கள் பாஸ். மாமா மகள் பாஸ் மார்க் எதுவோ அதைத் தொட்டு அதன்மேலேயே நின்றாள். பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், டீச்சர் கூட்டலை அவளே மறுபடி கூட்டினாள். சரியாக இருந்தது. அவளுக்குக் கூட்டல் வந்துவிட்டது என்பதை நான் அப்போது கவனித்தேன்.

சிஸ்டர் டி.சி. பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் முழுப் பரீட்சை முடிந்து ரிசல்ட் ஒட்டிய அன்று நானும் மாமா மகளும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போர்டருகே போனோம். போர்டில் எங்கள் இருவர் எண்ணும் இருந்தது. ஆனாலும் நம் பள்ளிக்கூட வழக்கம் உங்களுக்குத் தெரியுமே: போர்டில் எண் இருந்தாலும், ரிசல்ட்டுக்கு ஆபத்து என்று நினைக்கிற பிள்ளைகளை அன்றைக்கே ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிடட்டும், கேட்டுவிட்டே போகலாம் என்று. ஃபேன் ஓடும் சத்தமும் டைப் அடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

ஆபீஸ் கிளார்க் அண்ணன் மூன்றாவது முறையாக வெளியே வந்தபோது எங்களைப் பார்த்தார். "என்னம்மா, காலையிலேருந்து உக்காந்திருக்கீங்க? யாரு வரணும்?"

"டி.சி.ண்ணே…"

"எந்த டி.சி.? உங்க பேருக்கு ஒண்ணும் வரல. ரெண்டு பேரும் பத்தாவது ஏ." உள்ளே போனவர், போன வருஷத்துப் பிள்ளைகள் திருப்பித் தந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஓரம் மடிந்து, அட்டையில் யாரோ பூனை வரைந்திருந்த புத்தகம். "மே மாசம் ஸ்பெஷல் கிளாஸ். கணக்குத்தான் முதல்ல. காலையில எட்டு மணிக்கு. லேட்டா வந்தா சேத்துக்க மாட்டாக, பாத்துக்கங்க."

மே மாதம். பூ கொட்டுகிற மாதம். செடி வெள்ளையாக நிற்கும், எடுத்து மாளாது.

நான் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டேன். சிஸ்டரிடம் மறுபடி போய் நிற்பதா, போன தடவை செய்ததே பெரிது, இந்த ஒரு மாதம் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா மகள் பக்கத்தில் இல்லை. வராண்டாவின் கடைசியில், ஹெச்.எம். அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் உள்ளே பேச ஆரம்பித்துவிட்டாள். "சிஸ்டர், மே மாசம் எட்டு மணிக்கு எங்களால வரவே முடியாது. அதுக்குள்ள பூ எடுத்து முடியாது. ஆனா கணக்குக் கிளாஸை விடவும் முடியாது."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். டைம்டேபிள் அட்டையை எடுத்து முன்னால் போட்டு, பென்சிலைக் கையில் எடுத்தார்கள்.

"எத்தனை மணிக்குன்னா உங்களால வர முடியும்?"

அதுவரை எங்களை யாரும் அதைக் கேட்டதில்லை.

"பதினொண்ணு," என்றாள் மாமா மகள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருத்தினாள். "பத்தரை சிஸ்டர். ஓடி வந்துருவோம்."